கேம்புக்கு வரமாட்டேன் என்றால் என்ன? (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி)

2025 ஜூன் 5. கருங்கல் பக்கத்து வாசகியின் கேள்வி

எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். எங்கள் ஊரில் பெண்களுக்கு கேம்ப் நடக்கப்போகிறது. 30 வயது தாண்டிய எல்லோரும் கர்ப்பப்பை வாயில் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சிஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். எனக்கு விருப்பம் இல்லை. கூச்சம்தான், வேறு காரணம் இல்லை. இப்போது குழுத்தலைவி, "நீ மட்டும் வரேல்லன்னா அடுத்த லோனுக்கு உன் பேரை எழுத மாட்டேன், கேட்டியா" என்கிறார். வீட்டுக்காரரும் "போயிட்டுதான் வாயேன், என்ன இப்போ" என்கிறார். நோய் எதுவும் இல்லாத ஒருத்தியை இப்படித் துரத்துவது நியாயமா?

ஜூன் 5, இரவு

நியாயம் இல்லை. முதலில் லோன். சோதனைக்கு வராததற்காக ஒருத்தியின் கடனை நிறுத்தும் அதிகாரம் எந்தக் குழுத்தலைவிக்கும் கிடையாது. "அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்க அக்கா" என்று கேட்டுப் பாருங்கள். எழுதமாட்டார்.

சோதனையைச் செய்துகொள்வது நல்லது என்பதும் என் கட்சிதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குச் சங்கடம் இல்லை.

ஜூன் 6

"நீங்கள் டாக்டரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் சோதனை) ஸ்லைடு வந்தால் சாயம் ஏற்றுவது நான். படித்து ரிப்போர்ட் எழுதுவது பாத்தாலஜி டாக்டர். ஆகவே இந்த விஷயத்தை நான் பார்ப்பது பின்வாசல் வழியாக.

பின்வாசலில் தெரிவது கொஞ்சம் வேறு. எடுத்தவர் அவசரப்பட்டதால் செல்லே இல்லாத ஸ்லைடுகள் வரும். "மாதிரி போதாது, மறுபடி எடுக்கவும்" என்று எழுதி அனுப்புவோம். ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனவள் மறுபடி போவாளா? பலர் போவதில்லை. ரிப்போர்ட் வாங்க வருவது பாதி நேரம் கணவர், சில நேரம் கல்லூரியில் படிக்கும் மகன். கவரை ஒட்டிக் கொடுத்தாலும் கவுண்டரில் நின்றே கிழித்துப் படிப்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிய செய்தி மூன்றாவது ஆளாகத்தான் போய்ச் சேருகிறது. கேட்டவருக்குக் கூச்சம் என்றால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஜூன் 8

"நோயே இல்லாதபோது எதற்கு" என்பதற்கு மட்டும் இது.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டு சொன்ன ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவு உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் உடம்பே விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிப்போன சிலருக்கு அந்த இடத்துச் செல்கள் மெல்ல மாறும். அது புற்றாக 15, 20 ஆண்டுகூட ஆகும். அந்தக் காலம் முழுக்க வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. சோதனை தேடுவது அந்த இடைக்காலத்தைத்தான். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது தொடங்கிவிட்டால் கேம்புக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே டாக்டரிடம்.

வீட்டுச் சண்டையைத் தவிர்க்க ஒன்று. வைரஸ் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் அது போன வருடம் வந்ததா, கல்யாணமான புதிதில் வந்ததா என்று எந்த லேபும் சொல்ல முடியாது. யாரும் யாரையும் குறுக்கு விசாரணை செய்ய அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 9

வினிகர் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செய்யும் வி.ஐ.ஏ. சோதனையில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். மாறிய செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். கடை வினிகரும் ஏறக்குறைய அந்தக் காட்டம்தான். அதற்காக வீட்டில் யாரும் கழுவிப் பார்க்க வேண்டாம்! எரிச்சல்தான் மிச்சம். வினிகர் மருந்து கிடையாது, பார்ப்பதற்கு ஒரு வழி மட்டும்.

ஜூன் 12

என் அனுபவத்தை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் பெண்களின் ஸ்லைடுகளையெல்லாம் கையில் எடுத்த நான், நாற்பதை நெருங்கும்வரை என்னுடையதைக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் ஏறினாலும் என்னைத் தெரியும். டாக்டரைத் தெரியும், சிஸ்டரைத் தெரியும். எடுத்த ஸ்லைடு திரும்ப எங்கள் மேசைக்கே வரும், பக்கத்தில் இருப்பவள் சாயம் ஏற்றுவாள். மறுநாள் அவளோடு உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும்.

கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். கதவு தாழ் போடவில்லை. ஆயா பக்கெட்டோடு உள்ளே வந்தார், போனார். டாக்டரும் பெண்தான். ஒரு காதில் போனை வைத்து யார் வீட்டுக் கல்யாண மண்டபம் பற்றியோ பேசிக்கொண்டே, உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியை எடுத்தார். இப்போது வைக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் இறுகிப்போனேன். "லூசா விடு, லூசா விடு, பிள்ளை பெத்தவதானே" என்றார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன். பீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் சில வருடம் கழித்து, குழித்துறையில் ரயில் ஏறி, யாருக்கும் என்னைத் தெரியாத திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்கில் செய்துகொண்டேன். அந்த டாக்டர் கருவியை முதலில் என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக், வாத்து மூக்கு மாதிரி. "வேதனிச்சா பறயணே, நிறுத்தாம்" என்றார். நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அதே சோதனை, அதே கருவி, அதே நான். இதனால்தான் "படிப்பறிவு இல்லாததால் வரமறுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஸ்லைடு படிக்கும் இடத்தில் வேலை பார்த்தவளே ஓடிவந்தாள்.

ஜூன் 13

"எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் நாங்கள் தவிர்ப்போமே" என்கிறார் தக்கலைத் தோழி. சொல்லமாட்டேன். அந்த டாக்டரிடமே இன்னொரு நாள் போன என் மைனிக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 17

"இந்தச் சோதனையால் உண்மையில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? கணக்கு இருக்கிறதா, இல்லை சும்மா பயமுறுத்தலா?" நல்ல கேள்வி. கணக்கு இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டுக் கணக்கு.

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு. நடத்தியவர்களில் முதன்மையானவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். நம் பக்கத்துத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் (புற்றுநோய் மையம்) வேலை பார்த்துவிட்டு, பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர். 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள். ஒரு பக்கத்து ஊர்களில் 49,311 பேரை வி.ஐ.ஏ. சோதனைக்கு அழைத்தார்கள். இன்னொரு பக்கம் 30,958 பேருக்கு வழக்கமாக உள்ள மருத்துவ வசதி மட்டும். முடிவு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அழைத்த பக்கம் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதமும், புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் குறைந்திருந்தன.

சதவீதத்தைச் சொன்னால் பெரிதாகக் கேட்கும், ஆகவே ஆளைச் சொல்கிறேன். அழைத்த பக்கம் 83 பேர் இறந்தார்கள், மற்றப் பக்கம் 92 பேர். மற்றப் பக்கம் ஆளே குறைவு என்பதை மறக்க வேண்டாம். ஆயிரம் பெண்களுக்கு என்று பிரித்தால் ஒரு பக்கம் 1.7, மறுபக்கம் 3. அதாவது அந்தச் சில ஆண்டுகளில் ஆயிரம் பேரை அழைத்தால் ஒரு உயிருக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சியது. வாழ்நாள் முழுக்கப் பார்த்தால் கூடும்.

இதைச் சின்னது என்று சொல்வீர்களா, பெரியது என்று சொல்வீர்களா? எனக்குப் பெரியதாகத்தான் படுகிறது. ஆனால் "வரேல்லன்னா செத்துப்போவ" என்று வீட்டு வாசலில் நின்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். அழைப்புக்கு வந்த 31,343 பேரில் 3,088 பேருக்கு "வெள்ளை தெரிகிறது" என்று முடிவு வந்தது. நூற்றுக்குப் பத்து. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. ஆனால் அடுத்த சோதனை முடியும்வரை அந்தப் பத்துப் பேரும் தூங்கியிருக்கமாட்டார்கள். இதைக் கேம்பில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஜூன் 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அண்ணன், "சோதனை செய்தால் நூறு சதவீதம் தடுக்கலாம், நீங்கள் ஏன் குறைத்துக் காட்டுகிறீர்கள்" என்று கோபப்பட்டிருக்கிறார். நூறு சதவீதம் எந்தச் சோதனைக்கும் இல்லை அண்ணா. வி.ஐ.ஏ. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. எச்.பி.வி. சோதனை அந்த வைரஸையே தேடுவது, அதைவிடக் கூர்மை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எச்.பி.வி. சோதனைக்கு அழைத்த ஊர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி! அதுவே பெரிய விஷயம். நூறு என்று சொல்லிவிட்டு ஒருத்திக்கு வந்துவிட்டால், அந்தத் தெருவில் அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். திண்டுக்கல்லில் அழைத்தவர்களில் வந்தது நூற்றுக்கு 64 பேர்கூட முழுதாக இல்லை. மீதிப் பேர் வரவில்லை. வராதவர்களையும் சேர்த்துத்தான் அந்த 35 சதவீதக் கணக்கு. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கும் 70 சதவீதம்தான்: 2030-க்குள் நூற்றில் எழுபது பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு தடவை, 45-க்குள் இன்னொரு தடவை. ஆக, முப்பது பேர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கான இடம் அந்த இலக்குக்கு உள்ளேயே இருக்கிறது. கருங்கல் வாசகியைத் துரத்திப் பிடிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

ஜூன் 21

குளச்சல் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். நியாயமான பிடி. அப்படியே தருகிறேன்: "முப்பது பேருக்கு இடம் இருக்குன்னு சொல்லுதியே, அந்த முப்பது பேரு யாருன்னு பார்த்தியா? விடியக்காலம் மீன் கூடையோட பஸ் ஏறுறவ, புருசன் இல்லாதவ, தினக்கூலிக்குப் போறவ. அவளுக வேண்டாம்னு சொன்னது இல்ல. பத்து மணிக்குக் கேம்ப் வச்சா அவ எப்படி வருவா?"

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். 18-ம் தேதி எழுதியது வேண்டாம் என்று சொன்னவளுக்குப் பொருந்தும், வரமுடியாமல் போனவளுக்குப் பொருந்தாது. இருவரும் பதிவேட்டில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள், "வரவில்லை" என்று. ஒருத்தியை விட்டுவிட வேண்டும், இன்னொருத்திக்காக நேரத்தை மாற்ற வேண்டும். கேட்டால்தானே யார் எந்தப் பக்கம் என்று தெரியும்?

ஜூன், ஜூலை இரண்டு மாதம் நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம் பக்கம் பெண்களுக்குக் கொஞ்சம் நேரம் இருப்பது இப்போதுதான், பிற்பகலில் வைத்தால் வருவார்கள் என்கிறார் அக்கா. சம்பந்தப்பட்டவர்கள் யாராவது படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22

புள்ளிவிவரம் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்தவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாம்தான் முன்னணி என்று மார்தட்டலாம், பத்தில் ஒன்றுகூட முழுதாக இல்லை என்று தலையைச் சொறியலாம்.

ஜூன் 26

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் நேற்று இரவு பேசினாள். (நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பாள், ஆச்சரியம் இல்லை.) அங்கே எதிர்மாறான பிரச்சினை. 1988 முதல் பெண்களுக்குக் கடிதம் போட்டு அழைக்கும் முறை இருக்கிறது. 25 வயதில் தொடங்கும், 64 வரை விடாது. வராவிட்டால் நினைவூட்டல், அப்புறமும் நினைவூட்டல். 1990-ல் குடும்ப டாக்டர்களுக்கு இலக்கை எட்டினால் பணம் என்று ஒப்பந்தம் வந்தது. அதனால் சளிக்கு மருந்து வாங்கப் போனாலும் "உங்களுக்கு ஸ்மியர் பாக்கி இருக்கிறதே" என்பார்களாம். எழுதிக் கொடுத்து அழைப்புப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளவும் முடியும் என்று சொன்னாள். அது எனக்குப் பிடித்தது. விலகுவதற்கு ஒரு தாள் இருப்பதால், வராதவளை யாரும் கைதி மாதிரி நடத்த முடியாது.

இந்த வாரம்தான் அறிவித்திருக்கிறார்களாம்: 2026 ஜனவரியிலிருந்து, அழைத்தும் வராத பெண்களுக்கு வீட்டிலேயே தானே மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி அனுப்பப்போகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்தே எல்லோரும் தானே எடுத்துக்கொள்ளலாம். கருவி வேண்டாம், மேசை வேண்டாம், லூசா விடு வேண்டாம். எச்.பி.வி. சோதனைக்கு இப்படி எடுத்த மாதிரி போதும். வி.ஐ.ஏ.வுக்கும் பாப் ஸ்மியருக்கும் போதாது.

கருங்கல் வாசகி கேட்டது கூச்சத்தைப் பற்றி. அதற்கு நேரான பதில் இந்தக் குச்சிதான். நம் ஊர்க் கேம்பில் அது வரும்வரை நாம் பதிலை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூலை 2

"தோள்சீலைக்காகப் போராடிய மண்ணில் பெண் உடம்பின் மானம் பற்றிப் பேசுகிறோம்" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டம் சாதியின் பெயரால் மேலாடை மறுக்கப்பட்டதற்கு எதிரானது. அந்த வரலாற்றைக் கேம்ப் ஸ்கிரீனுக்குப் பின்னால் இழுத்து வர வேண்டாம். ஸ்கிரீன் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஜூலை 6

இது கேள்விப்பட்டது இல்லை, நேரில் பார்த்தது. மாதிரி வாங்கிவர லேபிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். ஒரு அண்டி ஆபீஸ். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை.) நாள் முழுக்கக் குத்தவைத்துக் கொட்டை தட்டும் பெண்கள். கேம்ப் அன்று காலையில் மேஸ்திரி பெயர்ப்பட்டியலோடு வாசலில் நின்றார். 30 தாண்டியவர்கள் எல்லாம் வரிசை. வந்தவளுக்கு டிக். யாரும் "விருப்பமா?" என்று கேட்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

வரிசையில் கல்யாணமாகாத ஒரு அக்கா, நாற்பது இருக்கும். பதிவு எழுதிய பிள்ளை சத்தமாக, "கல்யாணம் ஆகல்லியா? அப்போ உங்களுக்குத் தேவையில்ல" என்றாள். மருத்துவ ரீதியாக ஓரளவு சரிதான், உறவே இல்லாதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முப்பது பேர் முன்னால் அப்படிச் சொன்னால், அந்த அக்கா வரிசையை விட்டு விலகுவதே ஒரு சாட்சியம் ஆகிவிடுகிறது. நின்றிருந்தாலும் சாட்சியம். அவர் முகம் சிவந்துபோய் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு வந்த எண்ணிக்கை ரொம்ப நன்றாக இருந்தது, போட்டோவும் எடுத்தார்கள். சரி, அதன் பிறகு? வெள்ளை தெரிந்தவர்களை மேல்சோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போகும், பஸ் மாறி மாறி. எத்தனை பேர் போனார்கள் என்று பின்னாளில் அதே மேஸ்திரியிடம் கேட்டேன். "அது எங்க கணக்கு இல்ல" என்றார். வற்புறுத்தல் எல்லாம் முதல் மேசை வரைக்கும்தான். உண்மையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. இதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஜூலை 7

மேலே எழுதியதற்கு, "நல்ல காரியத்துக்குத்தானே, கையெழுத்து எப்படி வாங்கினால் என்ன" என்று ஒரு பதில். அவருக்கு ஒரு பழைய கதை.

2009-ல் ஆந்திராவின் கம்மத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை ஒரு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். கம்மத்தில் பல பிள்ளைகளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டது பெற்றோர் இல்லை, விடுதி வார்டன்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் கையெழுத்து விவகாரம் வெளியே வந்ததும் யாரும் எதையும் நம்பவில்லை. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தமிழ்நாட்டில் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதே தடுப்பூசியை இலவசமாகத் தருவோம் என்று பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது 2025 மார்ச்சில். நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு விலை, பணம் என்று வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் வார்டன்கள் தலையில் போடவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துகளால் நேரம் ஒன்றும் மிச்சமாகவில்லை.

ஜூலை 15

பேச்சு கர்ப்பப்பையை எடுப்பதற்குப் போய்விட்டது, போகட்டும். நம் பக்கம் பெண்களுக்கு வரும் பெரிய அழுத்தம் உண்மையில் அங்கேதான். "வெள்ளைப்படுது, புண் இருக்கு, விட்டா கேன்சர் ஆவும், பிள்ளை பெத்தாச்சுல்லா, எடுத்திரலாம்." என் உறவிலேயே நாற்பது வயதுக்குள் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எடுக்கச் சொல்லும் முன்பு ஸ்மியர்கூடச் செய்யாத கேஸ்கள் எனக்குத் தெரியும், ஸ்லைடு எங்களிடம்தானே வரவேண்டும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்த செய்தி 2019-ல் நாடே பேசியது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த இடத்தில் சோதனை பெண்ணின் பக்கம் நிற்கும் ஆயுதம். "முதலில் டெஸ்ட் செய்யுங்கள், ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், அப்புறம் எடுப்பதைப் பற்றிப் பேசலாம்" என்று கேட்கலாம். செல் மாற்றம் மட்டும் என்றால் அந்த இடத்தை உறையவைத்தோ சூட்டாலோ அழிப்பதற்கு வழி இருக்கிறது. பையையே எடுக்க வேண்டியதில்லை.

ஜூலை 16

நேற்றையதில் விட்டது: கர்ப்பப்பையை எடுத்தவர்கள் வாய்ப்பகுதியும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். வாய் மிச்சம் இருந்தால் சோதனையும் மிச்சம் இருக்கிறது.

ஜூலை 24

குளச்சல் அக்கா மறுபடி. நான் "வேண்டாம் என்பவளை விடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, சொல்லாமல் விடுவதற்குச் சாக்காகிவிடாதா என்கிறார்.

ஆகும், ஆகியிருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பெரிய பெண்கள் மருத்துவமனையில், 1966 முதல் ஹெர்பர்ட் கிரீன் என்ற டாக்டர், முற்றிய செல் மாற்றம் இருந்த பெண்கள் சிலருக்குச் சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். அது புற்றாகாது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. 1987-ல் இரண்டு பெண்கள் பத்திரிகையில் எழுதித்தான் வெளியே வந்தது, நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தினார். 2008-ல் பழைய பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, சரியான சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது.

ஆகவே அக்கா, "விடுங்கள்" என்பதைத் திருத்துகிறேன். சொல்லிவிட்டு விடுங்கள். என்ன சோதனை, எதற்கு, செய்யாவிட்டால் என்ன, செய்து வெள்ளை தெரிந்தால் அடுத்து எங்கே போக வேண்டும், அதுவரைக்கும். கேட்டுவிட்டு அவள் தலையாட்டாவிட்டால், அடுத்த வருடம் மறுபடி ஒரு தடவை கேட்கலாம். மூன்றாம் நாளே மறுபடி கதவைத் தட்டக் கூடாது.

ஜூலை 25

"ஆண்களுக்கு இப்படி ஒரு மேசை இருந்தால் தெரியும்" என்று யாரோ. இருந்தால் அந்த அறையில் கதவுக்குத் தாழ் இருக்கும், ஏசியும் இருக்கும்.

ஆகஸ்ட் 3

கருங்கல் வாசகி திரும்பி வந்திருக்கிறார். லோனுக்குப் பெயர் எழுதிவிட்டார்களாம். மினிட்ஸ் புத்தகம் என்று சொன்னதும் குழுத்தலைவி "நான் சும்மா சொன்னதுல்லா" என்று சிரித்துவிட்டார். சிஸ்டரிடம் நேரே, கதவு பூட்டுமா, யார் யார் உள்ளே இருப்பார்கள், ரிசல்ட்டை யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் கோபப்படவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாராம், "இதையெல்லாம் ஒருத்தியும் கேக்கல்ல மக்களே. எனக்கும் மாசம் இத்தனைன்னு மேலேருந்து கேக்காவ." அந்த மனுஷியைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் எழுதவில்லை என்பது உறைத்தது. வெயிலில் நடப்பவரும் அவர்தான், திட்டு வாங்குபவரும் அவர்தான்.

வாசகி இன்னும் சோதனை செய்யவில்லை. "யோசிக்கிறேன்" என்கிறார். யோசிக்கட்டும், 34 வயதுதான்.

ஆகஸ்ட் 9

அதே வாசகியின் இன்னொரு கேள்வி: அம்மைக்கு 66 வயது, அவர்களையும் கேம்புக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வி.ஐ.ஏ. அவ்வளவு உதவாது. செல் மாறும் அந்த எல்லை உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. 50 வயதுக்கு மேல், தொடர்ந்து இரண்டு தடவை சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் அம்மை இதுவரை ஒரு தடவையும் செய்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் கேம்ப் வேண்டாம், மகளிர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு எச்.பி.வி. சோதனை ஒன்று செய்யலாமா என்று பாருங்கள். அதுவும் அவர்களுக்குச் சம்மதம் என்றால். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருக்கிறது என்று அம்மை எப்போதாவது சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அன்று மட்டும் "பிறகு பார்ப்போம்" என்று அவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.